விலை பேசிய வதந்திகள்: சிலிக்கான் வேலியின் அரைகுறைச் செய்திகளுக்கு ஒரு வரலாறு

2006 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. டெக்கிரஞ்ச் என்ற வலைப்பதிவில் சில வரிகளில் ஒரு குறிப்பு வந்தது. யூடியூபை 160 கோடி டாலருக்கு வாங்கக் கூகுள் பேசிக்கொண்டிருக்கிறது என்பது சேதி. எழுதியவர் மைக்கேல் ஆரிங்டன். வழக்கறிஞர் தொழிலிலிருந்து வந்தவர். முந்தைய ஆண்டு ஜூனில்தான் அந்த வலைப்பதிவைத் தொடங்கியிருந்தார். இது முற்றிலும் ஆதாரமில்லாத வதந்தி என்று குறிப்பின் தலைப்பிலேயே போட்டிருந்தார்.

பேச்சு நடப்பது மெய்தான் என்று அன்றைக்கே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. திங்கட்கிழமை, அக்டோபர் 9 அன்று, 165 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து யூடியூபை வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. யூடியூப் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் 65 பேர் அளவில்தான். நிறுவனர்கள் சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் கூகுள்காரர்களைச் சந்தித்துப் பேசிய இடம் டென்னிஸ் என்ற சாதாரண உணவகம்.

அச்சுப் பத்திரிகை எதற்காவது அந்தக் குறிப்பு போயிருந்தால், ‘இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வா’ என்று செய்தி ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். ஆரிங்டனுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. காதில் விழுந்ததை, காதில் விழுந்தது என்று சொல்லியே போட்டார், அது பலித்துவிட்டது. மூன்றே நாளில் டெக்கிரஞ்சின் பெயர் எங்கோ போய்விட்டது. பின்னால் வந்த பலரும் அந்த வெற்றியிலிருந்து எடுத்துக்கொண்டது, ‘முதலில் போடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதைத்தான். அந்தப் பழக்கத்துக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பது தெரிய, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

வலைப்பதிவர்கள்தான் இதை ஆரம்பித்துவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. 1980களிலேயே கணினித் துறை வார இதழ்களில் வதந்திக்கென்று தனிப் பத்தி இருந்தது. இன்ஃபோவேர்ல்டு இதழில் அதை எழுதியவர் ராபர்ட் எக்ஸ். கிரிஞ்லி. அப்படி ஓர் ஆளே கிடையாது. ஒருவர் விலகினால் இன்னொருவர் அதே பெயரில் தொடர்வார். ஆப்பிள் கணினிகளுக்காகவே வெளிவந்த மேக்வீக் இதழில் அந்த வேலையைச் செய்தது ‘மேக் தி நைஃப்’ என்ற பத்தி. நல்ல துப்புக் கொடுத்தவருக்குப் பத்தியின் பெயர் பொறித்த காபிக் கோப்பை ஒன்று பரிசாகப் போகும். ஆப்பிளுக்குள்ளிருந்து கசிவதையெல்லாம் அச்சேற்றியதால் ‘மேக்லீக்’ என்று அந்த இதழுக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்துக்கு இரண்டு வேலிகள் இருந்தன. ஒன்று, துப்பு கிடைப்பதற்கும் அச்சாவதற்கும் நடுவே நாலைந்து நாள் இருந்தது. இரண்டு, அது வதந்திப் பத்தி என்பது பக்கத்தைத் திருப்பும்போதே வாசகருக்குத் தெரியும்.

1996 ஜனவரியில் அரசல் புரசலான பேச்சு அந்தப் பத்தியைத் தாண்டி நாளிதழ்களின் வணிகப் பக்கத்துக்கே வந்தது. தள்ளாடிக்கொண்டிருந்த ஆப்பிளை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கப் போகிறது என்று எழுதினார்கள். பேச்சு உண்மை. பேரம் படியவில்லை. ஆப்பிள் ஆப்பிளாகவே இருந்தது. பிப்ரவரியில் தலைமை நிர்வாகி மட்டும் மாறினார். பேச்சு நடந்ததைச் சன் தலைவர்கள் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகவே சொன்னார்கள். வாங்கல் செய்திகளில் மிகவும் வழுக்கலான இடம் இதுதான். பேச்சு நடக்கிறது என்பது ஒன்று, பேரம் முடியப் போகிறது என்பது வேறொன்று. முதலாவது உண்மையாக இருக்கும்போதே இரண்டாவது பொய்த்துப்போகும். இருபது ஆண்டு கழித்து ட்விட்டர் பங்கு வைத்திருந்தவர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2016 செப்டம்பர் 23 அன்று, சேல்ஸ்ஃபோர்ஸ், கூகுள் ஆகியவற்றின் பெயர்களோடு விற்பனைச் செய்தி வந்ததும் பங்கு 21 சதவீதம் எகிறியது. பெரிய நிறுவனங்கள் விலகுகின்றன என்ற தகவல் வந்ததும் அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் 20 சதவீதம் சரிந்தது. நடுவில் இருந்தது இரண்டு வாரம்.

வதந்தி கிளம்பினால் நிறுவனம் ஏன் ஒரே வார்த்தையில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லிவிடக் கூடாது? அதற்குப் பின்னால் ஒரு நீதிமன்றக் கதை இருக்கிறது. எஃகு ஆலை உலைகளுக்கு வெப்பம் தாங்கும் பொருட்கள் செய்துவந்த பேசிக் என்ற அமெரிக்க நிறுவனத்தை கம்பஸ்சன் இன்ஜினியரிங் வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. 1977, 1978 ஆண்டுகளில் மூன்று முறை பேசிக் அதை மறுத்தது. 1978 டிசம்பரில், பங்குக்கு 46 டாலர் என்று பேரம் முடிந்ததாக அறிவித்தது. மறுப்பை நம்பி அதற்குள் குறைந்த விலைக்கு விற்றுவிட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1988இல் தீர்ப்பானது. பேச்சு முடிவாகாத நிலையிலும், அது நடந்தேறும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் நிறுவனத்துக்கு அது எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் எடைபோட்டு, முதலீட்டாளருக்கு முக்கியமான தகவலாகக் கருதலாம் என்றது நீதிமன்றம். அப்படிப்பட்ட பேச்சைப் பொய்யாக மறுத்தால் சட்ட மீறல். ‘கருத்துச் சொல்வதற்கில்லை’ என்றால் மீறல் இல்லை.

அன்றிலிருந்து அமெரிக்க நிறுவன வழக்கறிஞர்கள் சொல்லிக்கொடுக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். வதந்தி உண்மையானாலும் பொய்யானாலும் ஒரே வாக்கியம். பொய்யான வதந்தியை மட்டும் மறுத்து, உண்மையானதற்கு வாய் மூடிக்கொண்டால் அந்த மௌனமே ஒப்புதலாகிவிடும் அல்லவா? பங்குதாரரை ஏமாற்றக் கூடாது என்று வந்த நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் பக்கவிளைவாகப் பெரிய வெற்றிடம் ஒன்று உருவானது. உண்மை தெரிந்தவர்கள் பேச மாட்டார்கள்; பேசுபவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ குடியேறியது அந்த வெற்றிடத்தில்தான்.

இணையம் வந்ததும் அந்த இடத்துக்குள் மோசடிக்காரர்களும் நுழைந்தார்கள். 1999 ஏப்ரல் 7 அன்று, கலிஃபோர்னியாவின் பேர்கெயின் என்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனத்தை இஸ்ரேலின் இசிஐ டெலிகாம் 135 கோடி டாலருக்கு வாங்குவதாக ஒரு செய்தி யாஹூவின் பங்குச் சந்தை உரையாடல் பக்கத்தில் பகிரப்பட்டது. சொடுக்கினால் புளூம்பெர்க் செய்திப் பக்கம் திறக்கும். எழுத்து, அமைப்பு எல்லாம் அச்சு அசல் புளூம்பெர்க். ஆனால் பக்கம் இருந்தது ஏஞ்சல்ஃபயர் என்ற இலவச இணைய இடத்தில். முகவரிப் பட்டையைப் பார்த்திருந்தால் அந்த ஒரே வரியில் குட்டு வெளிப்பட்டிருக்கும். பலர் பார்க்கவில்லை. 8.50 டாலரில் இருந்த பங்கு 11 டாலரைத் தாண்டியது. 31 சதவீத ஏற்றம். செய்தி போலி என்று தெரிந்ததும் இறங்கியது. ஒரு வார அளவில் கைதானவர் பேர்கெயின் நிறுவனத்திலேயே வேலை பார்த்த 25 வயதுப் பொறியாளர்.

அடுத்த ஆண்டு இதே சந்தை இன்னொரு அடி வாங்கியது. 2000 ஆகஸ்ட் 25 அன்று எமுலெக்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் ஒரு போலி அறிக்கை இன்டர்நெட் வயர் என்ற அறிக்கை விநியோக நிறுவனம் வழியாக வெளியானது. தலைமை நிர்வாகி விலகிவிட்டார், லாபக் கணக்கில் திருத்தம் வருகிறது என்றது அது. முந்தைய நாள் 113 டாலரில் முடிந்திருந்த பங்கு அன்று காலை 43 டாலர் வரை விழுந்தது. நாஸ்டாக் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தது. கைதானவர் இன்டர்நெட் வயரில் முன்பு வேலை பார்த்த இளைஞர். நிறுவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அந்த அறிக்கையை எடுத்துப் பரப்பியவர்களில் புளூம்பெர்க்கும் டவ் ஜோன்ஸும் உண்டு. வலைப்பதிவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்தத் தேதியை மறந்துவிடக் கூடாது.

2000களின் நடுவில் வலைப்பதிவர்கள் ஒரு தனிப் பட்டாளமாக எழுந்தார்கள். தன் வெளிவராத கருவி ஒன்றின் விவரங்களைப் போட்ட இணையதளங்களுக்குத் தகவல் கொடுத்தது யார் என்று கேட்டு ஆப்பிள் நீதிமன்றம் போனது. 2006 மே மாதம் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், இணையத்தில் செய்தி சேகரித்து எழுதுபவருக்கும் நாளிதழ் நிருபருக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு, தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. நிருபருக்குரிய உரிமை சட்டப்படி வந்துவிட்டது. நிருபருக்குரிய கட்டுப்பாடு யாருடைய தீர்ப்பிலும் வருவதில்லை. அதை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அது எவ்வளவு கடினம் என்பதை எங்கேட்ஜெட் தளம் 2007 மே 16 அன்று கண்டது. ஐபோன் அக்டோபர் வரை தள்ளிப்போகிறது என்று ஆப்பிள் ஊழியர்களுக்கு அனுப்பப்பட்ட உள் மின்னஞ்சல் ஒன்று தளத்துக்குக் கிடைத்தது. மின்னஞ்சல் ஆப்பிளின் உள் அஞ்சல் அமைப்பில் உண்மையாகவே வலம் வந்ததுதான். அனுப்பியதுதான் ஆப்பிள் இல்லை. காலை 11.49க்குப் பதிவேறியது. நண்பகலையொட்டிய ஆறே நிமிடத்தில் ஆப்பிள் பங்கு 107.89 டாலரிலிருந்து 103.42க்கு இறங்கி, நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 400 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. எங்கேட்ஜெட் உடனே திருத்தம் போட்டது. மாலைக்குள் பங்கும் பெரும்பாலும் மீண்டது. அந்த ஆறு நிமிடத்தில் பதறி விற்றவருடைய பங்கு மட்டும் மீளவில்லை.

வதந்தியே பிழைப்பான ஆண்டு என்றால் அது 2009. ஏப்ரல் தொடக்கத்தில், ட்விட்டரை வாங்கக் கூகுள் இறுதிக்கட்டப் பேச்சில் இருக்கிறது என்று டெக்கிரஞ்ச் எழுதியது. ஆல் திங்ஸ் டி தளத்தின் காரா ஸ்விஷர் விசாரித்துவிட்டு, அப்படிப்பட்ட விற்பனைப் பேச்சு இல்லை என்று எழுதினார். அவர் சொன்னதே சரியாயிற்று. ஒரு மாதம் கழித்து, மே 5 அன்று, இந்த முறை ஆப்பிள் 70 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கப்போகிறது என்று டெக்கிரஞ்சும் காக்கர் நிறுவனத்தின் வேலிவாக்கும் பதிவு போட்டன. இரண்டிடமும் ஆதாரம் இல்லை. எழுதியவருக்கே முழு நம்பிக்கை இல்லை என்பது அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதிய கட்டுரையில் தெரிந்தது. சரியாகச் சொல்வதற்குச் செலவு அதிகம், முதலில் சொல்வதற்குச் செலவு குறைவு என்று ஆரிங்டன் அதில் மனம்விட்டே பேசியிருந்தார்.

அவருக்குத் துணை நிற்கவும் ஆள் இருந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பேராசிரியர் ஜெஃப் ஜார்விஸ், வலைப்பதிவில் செய்தி என்பது முடிந்துபோன பண்டமல்ல, நடந்துகொண்டிருக்கும் வேலை என்று வாதாடினார். தெரிந்ததைச் சொல், தெரியாததையும் சொல், மிச்சத்தை வாசகர் வந்து நிரப்புவார் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூடிய அறையில் செய்தி சமைப்பதைவிட அது நேர்மையானதுதான். ஆனால் பதிவைத் திருத்தலாம், முடிந்துபோன பங்கு விற்பனையைத் திருத்த முடியாது. ட்விட்டர் அன்று பட்டியலிடப்படாத நிறுவனமாக இருந்ததால் 2009இல் யார் பணமும் பெரிதாகப் போகவில்லை. அது அதிர்ஷ்டம், முறை சரியாக இருந்ததற்குச் சான்று அல்ல.

அதே காலத்தில் அதே வலைப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு வேறு விதமாக எழுதியவர்களும் இருந்தார்கள். ட்விட்டரை 50 கோடி டாலர் மதிப்புக்குத் தன் பங்குகளைக் கொடுத்து வாங்க ஃபேஸ்புக் முயன்று தோற்ற கதையை 2008 நவம்பரில் வெளியிட்டவர் ஸ்விஷர். பேச்சு நடந்தது, முறிந்தது, ஏன் முறிந்தது என்று மூன்றையும் விசாரித்து எழுதினார். ஆல் திங்ஸ் டியில் எழுதிய ஒவ்வொருவரும் தமக்கு எங்கெங்கே தொடர்பு, என்னென்ன நலன் என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். தன் இணையர் கூகுளில் உயர் பதவியில் இருந்ததை ஸ்விஷர் அந்தப் பக்கத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். கூகுள் பற்றி அவர் எழுதும் எந்த வரியையும் அதை மனத்தில் வைத்து வாசகர் எடைபோட்டுக்கொள்ளலாம்.

டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளரான ஓம் மாலிக் இன்னொருவர். 2011 மே மாதத் தொடக்கத்தில், ஃபேஸ்புக்கும் கூகுளும் ஸ்கைப் மீது கண் வைத்திருப்பதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. சில நாள் கழித்து, வாங்கப் போவது மைக்ரோசாஃப்ட் என்று தன் கிகாஓம் தளத்தில் எழுதினார் மாலிக். மே 10 அன்று 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தொலைத்தொடர்புத் துறையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவருக்குக் கிடைத்த பலன் அது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் டெக்கிரஞ்சையே ஏஓஎல் வாங்கப் போகிறது என்ற செய்தியையும் முதலில் போட்டது அவர்தான். மறுநாள் டெக்கிரஞ்சின் சொந்த மாநாட்டு மேடையில் வைத்தே அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆரிங்டன் கதை அதற்கடுத்த ஆண்டு வேறு பக்கம் திரும்பியது. புதுத் தொழில் நிறுவனங்களில் முதலீடு செய்ய, கிரஞ்ச்ஃபண்ட் என்ற பெயரில் 2 கோடி டாலர் நிதியை அவர் தொடங்கினார். ஏஓஎல்லும் அதில் பணம் போட்டது. யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களிடமே பங்கு வைத்திருப்பவர் எப்படிச் செய்தி ஆசிரியராக இருக்க முடியும் என்ற கேள்வி வெடித்தது. 2011 செப்டம்பரிலேயே அவர் டெக்கிரஞ்சை விட்டு வெளியேறினார். ஒரு நிறுவனத்தை யாரோ வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பினாலே அதன் விலை மதிப்பு ஏறும். அந்தப் பேச்சைக் கிளப்புகிற இடத்தில் முதலீட்டாளர் உட்கார்ந்திருப்பது வதந்தியைவிட ஆபத்தானது.

அதற்குப் பிறகும் ஏமாறுவது நிற்கவில்லை. 2012 நவம்பர் 26 அன்று, ரோட் ஐலண்டிலுள்ள ஐகோவா என்ற சிறு வைஃபை நிறுவனத்தைக் கூகுள் 40 கோடி டாலருக்கு வாங்கியதாக பிஆர்வெப் தளத்தில் போலி அறிக்கை வந்தது. டெக்கிரஞ்ச் போட்டது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் போட்டது. ஐகோவாவையும் கூகுளையும் கேட்டுப் பார்த்தபின் பொய் வெளிப்பட்டது. 2015 ஜூலை 14 அன்று புளூம்பெர்க்கின் பெயரைத் தாங்கிய புதிய இணைய முகவரி ஒன்று, ட்விட்டரை 3,100 கோடி டாலருக்கு வாங்க யாரோ முன்வந்திருப்பதாகச் சொன்னது. ட்விட்டரின் முன்னாள் தலைமை நிர்வாகி பெயரில்கூட எழுத்துப்பிழை. இருந்தும் பங்கு 8 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கியது. பேர்கெயின் மோசடி நடந்து பதினாறு ஆண்டு ஆகியும் அதே வித்தை பலித்தது.

2016 நவம்பர் 10 அன்று மோசடி அரசாங்கத்தின் வாசல்படிக்கே போனது. ஃபிட்பிட் நிறுவனத்தின் பங்குகளை ஒன்றுக்கு 12.50 டாலர் கொடுத்து வாங்கத் தயார் என்று ஷாங்காய் முகவரி போட்ட ஒரு நிறுவனத்தின் ஆவணம், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் எட்கர் தளத்திலேயே பதிவேறியது. அப்படி ஒரு நிறுவனமே இல்லை. பதிவேற்றியவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஓர் இயந்திரவியல் பொறியாளர் என்று ஆணையம் பிறகு வழக்குத் தொடுத்தது. ஆவணம் வெளியாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் ஃபிட்பிட் பங்குகளை வாங்கும் உரிமை தரும் ஆப்ஷன்களை அவர் வாங்கியிருந்தார். அதில் அவருக்குக் கிடைத்த லாபம் சுமார் 3,100 டாலர். மூன்றாண்டு கழித்து, 2019 நவம்பர் 1 அன்று, ஃபிட்பிட்டை உண்மையாகவே வாங்குவதாகக் கூகுள் அறிவித்தபோது பங்குக்குத் தரப்பட்ட விலை 7.35 டாலர்தான்.

இந்தியாவில் இந்தச் சிக்கலைப் பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி வேறு பக்கத்திலிருந்து அணுகியிருக்கிறது. எழுதுபவரைக் கட்டுப்படுத்தப் போகாமல், மௌனம் சாதிக்கும் நிறுவனத்தைப் பேசவைக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஜூன் 1 முதல், முதல் 250 நிறுவனங்களுக்கு அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒரு விதி நடப்புக்கு வந்தது. முக்கிய ஊடகங்களில் வந்த செய்தியால் பங்கு விலை குறிப்பிடத்தக்க அளவு நகர்ந்தால், அதை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது விளக்க வேண்டும். முக்கிய ஊடகம் என்ற வரையறைக்குள் பதிவுபெற்ற நாளிதழ், செய்தித் தொலைக்காட்சி ஆகியவற்றோடு இணையச் செய்தி வெளியீட்டாளர்களும் அடக்கம். நிறுவனம் உறுதிசெய்தால், வதந்தியால் ஏறிய விலையைக் கழித்துவிட்டுப் பேரத்தின் விலையைக் கணக்கிடவும் வழி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க நிறுவனங்கள் பின்பற்றும் ‘கருத்துச் சொல்வதற்கில்லை’ பதிலுக்கு இங்கே பெரிய பட்டியல் நிறுவனங்களிடம் இடம் சுருங்கிவிட்டது. சிறு முதலீட்டாளருக்கு இது மெய்யான பாதுகாப்பு.

ஆனால் தொழில்நுட்ப உலகின் வாங்கல் வதந்திகளில் பல பட்டியலிடப்படாத நிறுவனங்களைச் சுற்றியே எழுகின்றன. 2017இல் ஸ்னாப்டீலை ஃபிளிப்கார்ட் வாங்குகிறது என்று மாதக்கணக்கில் செய்தி வந்தபடி இருந்தது. ஜூலை 31 அன்று, பேச்சுகளை முடித்துக்கொண்டு தனியாகவே நடைபோடப் போவதாக ஸ்னாப்டீல் அறிவித்தது. அத்தனை மாதமும் வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் இருந்த ஊழியர்களுக்கும், பொருள் விற்று வந்த சிறு வணிகர்களுக்கும் கேள்வி கேட்க ஒரு பங்குச் சந்தை கிடையாது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது செய்தியை எழுதுபவருடைய நாணயம் ஒன்றுதான். எத்தனை பேரிடம் கேட்டு எழுதப்பட்டது, பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தகவல் சொன்னவருக்கு இதில் என்ன லாபம் என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே சொல்ல இரண்டு வரி போதும். ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று தொடங்கும் செய்திகளில் பெரும்பாலானவை இன்றும் அந்த இரண்டு வரியைச் சேர்ப்பதில்லை.